மண்ணுளிப் பாம்பும் மறைந்துபோகும் வைப்புத்தொகையும்

பெங்களூரின் ஜோகுபாளையத்திலும் அதனை அடுத்த அல்சூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இப்பகுதியில் வங்கிக்கு வருவோர் ஓய்வூதியம் பெறவும் வைப்புத்தொகையைப் புதுப்பிக்கவும் வருவதோடு, ஊர்ச் செய்திகளையும் பேசிவிட்டுச் செல்வது வழக்கம். அப்பேச்சில் அவ்வப்போது தலைகாட்டும் ஒரு பெயர் உண்டு. தமிழில் மண்ணுளிப் பாம்பு என்றும், இருதலை மணியன் என்றும், கன்னடத்தில் ‘எரடு தலெ ஹாவு’ என்றும் அழைக்கப்படும் பாம்பே அது. தரகர்களின் மொழியில் அதற்கு ‘டபுள் இன்ஜின்’ என்று பெயர்.

இப்பாம்பு ஒன்றுக்குப் பல லட்சம் ரூபாய் கிடைக்கும், எடை கூடினால் கோடிகளைத் தொடும் என்னும் பேச்சு கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் நெடுங்காலமாக உலவி வருகிறது. பேச்சோடு நின்றிருந்தால் வங்கி இதழில் இதைப் பற்றி எழுத வேண்டிய தேவை இராது. அப்பேச்சை நம்பி, நகையை அடகு வைத்தும் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறித்தும் பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். மறுபுறம், யாருக்கும் தீங்கு செய்யாத ஓர் உயிரினம் சாக்குப் பைகளில் அடைபட்டு மடிந்து கொண்டிருக்கிறது. ஆகவே, இப்பாம்பு உண்மையில் எத்தகையது, எவ்வாறு வாழ்கிறது, அதற்குக் கூறப்படும் விலைக்கு அடிப்படை ஏதேனும் உண்டா என்பவற்றை வாசகர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

மண்ணுக்குள் ஒரு வாழ்க்கை

மண்ணுளிப் பாம்பின் உடலமைப்பு முழுவதும் ஒரே நோக்கத்திற்காக அமைந்தது. அந்நோக்கம் மண்ணுக்குள் வாழ்வது. தடித்து உருண்ட உடல். வழவழப்பான சிறு செதில்கள். கழுத்து என்று பிரித்தறிய முடியாதபடி உடலோடு இணைந்த தலை. மண்ணை நெம்பித் தள்ளுவதற்கேற்ப ஆப்பு வடிவில் அமைந்த மூக்கு. மண் புகாத வகையில் மிகச் சிறியனவாக உள்ள கண்கள். வால் கூர்மையாக முடியாமல் மழுங்கியிருக்கும். செம்பழுப்பு நிறமோ மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பு நிறமோ கொண்ட இப்பாம்பு பெரும்பாலும் முக்கால் மீட்டர் நீளத்திற்குள் அடங்கிவிடும். ஒரு மீட்டரை எட்டுவது அரிது.

இதற்கு நஞ்சு இல்லை. இரையைச் சுற்றி வளைத்து இறுக்கிக் கொல்வதே இதன் முறை. எலி, சுண்டெலி போன்ற சிறு பிராணிகளே இதன் முதன்மை உணவு. பகல் முழுவதும் தளர்ந்த மண்ணுக்குள்ளோ எலி வளைகளிலோ கிடந்துவிட்டு, மாலை மயங்கிய பின்னரே இரை தேடும். மணலுக்கு மேலே மூக்கு நுனியும் கண்களும் மட்டும் தெரியக் காத்திருந்து, எட்டும் தொலைவில் வரும் இரையைச் சட்டென்று கவ்வுவதும் உண்டு. வளைக்குள் இரை அகப்பட்டால் அதனைச் சுவரோடு சேர்த்து அழுத்திவிடும்.

பெரும்பாலான பாம்புகளைப் போல இது வெளியில் முட்டையிடுவதில்லை. குட்டிகள் தாயின் உடலுக்குள்ளேயே வளர்ந்து உயிருடன் வெளிவருகின்றன. ஒரு முறையில் ஆறு, ஏழு குட்டிகள் பிறப்பது பொது. பதினான்கு வரையிலும் பிறக்கலாம். இளம் பாம்புகளின் உடலில், குறிப்பாக வால் பகுதியில், கருநிற வளையங்கள் காணப்படும். வளர வளர அவை மறைந்து உடல் ஒரே நிறமாகிவிடும்.

இராசத்தானின் தார்ப் பாலைவனம் முதல் தக்காணப் பீடபூமியின் வறண்ட புதர்க்காடுகள், தமிழகத்தின் மணற்பாங்கான சமவெளிகள் வரை இப்பாம்பு பரவியுள்ளது. மேற்கே பாகிஸ்தானிலும் ஈரானிலும் காணப்படுகிறது. கர்நாடகத்தின் கேழ்வரகு வயல்களும் நிலக்கடலை வயல்களும் இதற்கு ஏற்ற இடங்களே. எங்கு மண் தளர்ந்திருக்கிறதோ, எங்கு எலி இருக்கிறதோ, அங்கு இதற்கு வாழ்வு உண்டு.

தரங்கம்பாடியின் பெயர் தாங்கிய பாம்பு

இப்பாம்பின் அறிவியல் பெயர் ‘எரிக்ஸ் ஜானி’. இப்பெயருக்கும் தமிழகத்திற்கும் உள்ள தொடர்பைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் திரட்டப்பட்ட பாம்புகளைப் பற்றி 1796இல் ஒரு பெருநூலையும், 1801இல் அதன் தொடர்ச்சியையும் வெளியிட்டார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயர் இவரைக் கொண்டே அமைந்தது. நமது மண்ணுளிப் பாம்பை 1801இல் அறிவியல் உலகிற்கு விவரித்தவரும் இவரே.

அப்பாம்புக்கு அவர் சூட்டிய பெயர், தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்னும் ஜெர்மானியச் சமயப் பணியாளரைச் சிறப்பிப்பதாகும். 1771இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜான், பள்ளிகளை நடத்தியதோடு, கடற்கரை உயிரினங்களையும் பாம்புகளையும் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பி வந்தார். 1813இல் தரங்கம்பாடியிலேயே மறைந்தார். ஆக, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிவியலார் அறிந்து, விவரித்து, வகைப்படுத்தி வந்துள்ள ஓர் உயிரினம் இது. இதன் உடலில் கண்டறியப்படாத மர்மப் பொருள் ஏதும் ஒளிந்திருப்பதாகக் கூறுவதற்கு இடமே இல்லை.

இப்பாம்பின் உறவினங்கள் உலகின் பல வறண்ட நிலங்களில் வாழ்கின்றன. அரேபியப் பாலைவனத்தில் வாழும் மணற்பாம்பின் கண்கள் தலையின் உச்சியில் அமைந்திருக்கும். உடல் முழுவதும் மணலில் புதைந்திருக்கக் கண்கள் மட்டும் வெளியே தெரியும். மஸ்கட்டில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஆத்மாராம் ஜயகர் என்னும் இந்தியரின் பெயரை அப்பாம்பு தாங்கியுள்ளது. 1888இல் அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. நம் நாட்டிலேயே சொரசொரப்பான செதில்கள் கொண்ட மற்றொரு மண்ணுளிப் பாம்பும் உண்டு. அதன் உடலில் உள்ள திட்டுகளைக் கண்டு கண்ணாடி விரியன் என்று கருதி அடித்துக் கொல்பவர்கள் பலர்.

வால் தலையான கதை

இருதலை என்னும் பெயர் எவ்வாறு வந்தது? தன்னை யாரேனும் தாக்க வந்தால், இப்பாம்பு உடலைச் சுருட்டி, உண்மையான தலையைச் சுருளுக்கு அடியில் மறைத்துக் கொள்ளும். மழுங்கிய வாலைச் சற்றே உயர்த்தி அசைக்கும். பகை விலங்கு அதனையே தலை என்று எண்ணித் தாக்கும். வாலில் காயம் பட்டாலும் உயிர் தப்பிவிடும். காயத்தின் தழும்பு ஏறிய வால் பின்னர் மேலும் தலை போலவே தோன்றும். இவ்வளவுதான் இருதலையின் இரகசியம். கடிக்கவும் விரையவும் பெரிதும் முற்படாத ஒரு சாதுவான உயிரின் தற்காப்பு உத்தி அது.

இந்த உத்தியே அதற்கு வினையாயிற்று. ஆறு மாதம் ஒரு தலையாலும் ஆறு மாதம் மறுதலையாலும் நடக்கும் என்று கூறிப் பாம்பாட்டிகள் வித்தை காட்டினார்கள். வாலில் கண்ணும் வாயும் போலத் தோன்றுமாறு சூடு வைத்ததும் கீறியதும் உண்டு. இது நக்கினால் தொழுநோய் வரும் என்று சிற்றூர்களில் அஞ்சினார்கள். தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. பாம்புக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

அச்சம் ஒரு புறம் இருக்க, பிற்காலத்தில் ஆசை வந்து சேர்ந்தது. வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும்; புதையல் இருக்கும் இடத்தைக் காட்டும்; புற்றுநோயையும் எய்ட்ஸ் நோயையும் குணப்படுத்தும் மருந்து இதிலிருந்து எடுக்கப்படுகிறது; வெளிநாட்டு விண்வெளி ஆய்வு மையங்கள் இதை வாங்குகின்றன என்றெல்லாம் கதைகள் கிளம்பின. இவற்றுள் ஒன்றுக்கும் சான்று கிடையாது. பாம்பினால் மருத்துவத்திற்குப் பயன் உண்டு என்பது உண்மையே. ஆனால் அது நஞ்சுள்ள பாம்புகளின் நஞ்சிலிருந்து தயாரிக்கப்படும் நச்சுமுறி மருந்து. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அரசின் உரிமத்தோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து வழங்கி வருகிறது. மண்ணுளிப் பாம்புக்கோ நஞ்சே இல்லை. அதிலிருந்து எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

விலை எங்கே பிறந்தது?

வன உயிரினப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள டபிள்யூ.சி.எஸ். இந்தியா என்னும் அமைப்பு, 2016 முதல் 2021 வரையிலான ஊடகச் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தது. அக்காலத்தில் 18 மாநிலங்களிலும் ஓர் ஒன்றியப் பகுதியிலும் மொத்தம் 172 நிகழ்வுகளில் இப்பாம்புகள் பறிமுதல் செய்யப்பட்டதாக அது கணக்கிட்டது. மகாராட்டிரத்தில் மிகுதியான நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. இவை பிடிபட்டவை மட்டுமே. காணொளித் தளங்களிலும் சமூக ஊடகங்களிலும் பாம்பைக் காட்டி விலை பேசும் பதிவுகள் தனி. பெங்களூரிலும் இத்தகைய கும்பல்களைக் காவல்துறையும் வனத்துறையும் பலமுறை பிடித்துள்ளன.

பிடிபட்ட செய்திகள் அனைத்திலும் ஒன்றை நாம் கவனிக்கலாம். விற்க வந்தவர்கள் பிடிபடுகிறார்கள், தரகர்கள் பிடிபடுகிறார்கள், வாங்குவதாகச் சொன்ன இடைத்தரகரும் சில நேரங்களில் பிடிபடுகிறார். ஆனால், பல கோடி கொடுத்து வாங்கிப் பயன்படுத்தும் அந்தக் கடைசி வாங்குபவரை நாம் எச்செய்தியிலும் கண்டதில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும்போது உயர்ந்துகொண்டே போகும் இவ்விலைக்கு அடியில் ஒரு பயன் இல்லை; ஒரு சந்தையும் இல்லை.

எடை கூடினால் விலை கூடும் என்பது இக்கட்டுக்கதையின் விதியாதலால், பாம்பின் வாய்வழியே இரும்புக் குண்டுகளைத் திணிப்பதும் பாதரசத்தைச் செலுத்துவதும் நடந்துள்ளன. சில நாட்களில் அப்பாம்பு உள்ளுறுப்புகள் சிதைந்து இறந்துவிடும். பிறந்து வளர்ந்து இனம் பெருக்கும் பருவத்தை அடைந்த பெரிய பாம்புகளே இவ்வாறு தேடிப் பிடிக்கப்படுவதால், ஒரு வட்டாரத்தில் அவ்வினம் மீண்டும் தழைப்பது கடினமாகிறது.

முன்பணம் என்னும் வலை

மோசடியின் போக்கு பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதைக் காண்கிறோம். முதலில் நம்பிக்கைக்குரிய ஒருவர், அதாவது பழைய அண்டை வீட்டார், உறவினரின் நண்பர், ஊர்க்காரர், செய்தியைக் கொண்டு வருகிறார். கிராமத்து உழவர் ஒருவரிடம் பாம்பு இருக்கிறது. அவருக்கு அதன் விலை தெரியாது. சில லட்சம் கொடுத்தால் தந்துவிடுவார். வாங்குவதற்கு மும்பையிலோ வளைகுடாவிலோ ஆள் தயார் என்பார். பின்னர் கைப்பேசியில் காணொளி வரும். தராசில் பாம்பை வைத்து எடை காட்டுவார்கள். ஒரு நாள் இரவில், நகருக்கு வெளியே ஏதேனும் ஓர் இடத்தில், பாம்பையே நேரில் காட்டுவதும் உண்டு.

அதன் பிறகு செலவுகள் தொடங்கும். பாம்பைப் பாதுகாக்கும் செலவு, சோதனை செய்ய வரும் வல்லுநரின் கட்டணம், அனுமதிச் சீட்டுக்கான தொகை, வாங்குபவர் கேட்கும் பிணைத்தொகை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். தொகை ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். கொடுத்ததை மீட்க வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்னும் நிலைக்குக் கொண்டு வந்து நிறுத்துவதே இதன் சூட்சுமம். இறுதியில், காவல்துறை வந்துவிட்டது, பாம்பு இறந்துவிட்டது என்று ஏதேனும் ஒரு காரணம் சொல்லப்படும். கைப்பேசி அணைந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஒருவர், மகளின் திருமணத்திற்கென்று வைத்திருந்த நான்கு லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை முதிர்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போதே முறிக்க வந்த நிகழ்வை நாம் அறிவோம். அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்தே இங்குக் கூறுகிறோம். காரணம் கேட்டபோது முதலில் ‘வீட்டு வேலை’ என்றார். வட்டி இழப்பைக் கணக்கிட்டுக் காட்டியபோது, ‘மூன்றே வாரத்தில் பத்து மடங்காக வந்துவிடும், சார். இந்த வட்டியைப் பற்றிக் கவலை இல்லை’ என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசியபோது செய்தி வெளிவந்தது. முன்பணமாக ஐம்பதாயிரம் ஏற்கெனவே கைமாறியிருந்தது. ‘பாம்பை என் கண்ணால் பார்த்தேன். கையில் தூக்கியும் பார்த்தேன்’ என்று அவர் திரும்பத் திரும்பக் கூறினார்.

அவர் பார்த்தது பொய்யல்ல. இம்மோசடியின் வலிமையே அதுதான். இங்குக் காட்டப்படும் பாம்பு உண்மையானது. அதற்குச் சொல்லப்படும் விலை மட்டுமே பொய். கண்ணால் கண்ட பொருளைக் கொண்டு, காணாத விலையை நம்ப வைக்கிறார்கள். அன்று அவர் மகளைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிய பிறகு, வைப்புத்தொகையை முறிக்காமலே வீடு திரும்பினார். முன்பு கொடுத்த ஐம்பதாயிரம் திரும்பி வரவில்லை.

ஈட்டுப் பொருளை மதிப்பிடுவது போல

கடன் கேட்டு வருபவர் காட்டும் ஈட்டுப் பொருளை வங்கி எவ்வாறு மதிப்பிடுகிறதோ, அவ்வாறே இப்பாம்பையும் மதிப்பிட்டுப் பார்ப்போம். நாம் கேட்கும் வினாக்கள் நான்கு.

முதலாவது, இப்பொருளால் விளையும் பயன் என்ன? பொன் அணியப் பயன்படுகிறது. நிலம் விளைச்சல் தருகிறது. வீடு வாடகை தருகிறது. விற்பனைப் பொருளாக மண்ணுளிப் பாம்பு எதையும் தருவதில்லை. இரண்டாவது, இதற்கு வெளிப்படையான சந்தை உண்டா? பொன்னின் விலையை நாளிதழில் காணலாம். இப்பாம்பின் விலையைத் தரகரின் வாயில் மட்டுமே கேட்கலாம். மூன்றாவது, உரிமையைச் சட்டப்படி மாற்றித் தர இயலுமா? இயலாது, அதனைப் பின்னர் விளக்குகிறோம். நான்காவது, கடைசியாக வாங்கிப் பயன்படுத்துபவர் யார்? விடை இல்லை.

இந்த நான்காவது வினாவின் அருமையைத் தமிழகம் ஈமு கோழியிடம் கற்றது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை ஒட்டி வளர்ந்த ஈமு வளர்ப்புத் திட்டங்கள் 2012இல் சரிந்தபோது, முதலீடு செய்திருந்த எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. ஈமு வளர்ப்பது குற்றமன்று. பறவையும் கண்ணெதிரே நின்றது. ஆயினும் அதன் இறைச்சியையும் எண்ணெயையும் கேட்டு வாங்குவோர் போதிய அளவில் இல்லை. புதிய முதலீட்டாளரின் பணமே பழையவருக்கு வருமானமாகக் காட்டப்பட்டது. கோபுரக் கலசத்தில் இரிடியம் என்றும், அரிசியை இழுக்கும் செம்பு என்றும் உலவும் மோசடிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. பெயர் மாறும், பொருள் மாறும். முன்பணம் கேட்பது மட்டும் மாறாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மண்ணுளிப் பாம்பு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 2022இல் திருத்தப்பட்ட அச்சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின்படி, வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிப்பதன்று. பிடிப்பதும் பொறி வைப்பதும் வேட்டையே. வைத்திருத்தல், விற்றல், வாங்குதல், ஏற்றிச் செல்லுதல் ஆகியனவும் குற்றங்கள். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு.

வாசகர்கள் குறிப்பாகக் கருத வேண்டியவை இரண்டு. ஒன்று, சட்டத்தின் 57ஆம் பிரிவு. ஒருவரிடம் அவ்வுயிரினம் இருந்தது என்று நிறுவப்பட்டால், அது சட்டவிரோதமாக வைத்திருக்கப்பட்டது என்றே கொள்ளப்படும். அவ்வாறு இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு வைத்திருந்தவரைச் சாரும். இரண்டாவது, 39ஆம் பிரிவு. குற்றத்திற்குப் பயன்பட்டுப் பறிமுதல் செய்யப்பட்ட வாகனம் அரசின் உடைமையாகிவிடும். நண்பருக்காகக் காரை ஓட்டிச் சென்றேன் என்று கூறுபவரும் வழக்கில் சிக்க நேரிடும். அக்கார் கடனில் வாங்கப்பட்டதாயின், காரை இழந்த பின்னரும் தவணை தொடரும்.

பன்னாட்டு அளவிலும் இவ்வினத்தின் வாணிகம் ‘சைட்டீஸ்’ உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலால் கட்டுப்படுத்தப்படுகிறது. இந்தியா 1976 முதல் அதில் உறுப்பு நாடு. ஆகவே, வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வாங்கித் தருகிறோம் என்று யாரேனும் சொன்னால், அந்த ஒரு கூற்றே அவர் ஏமாற்றுகிறார் என்பதற்குப் போதிய சான்று.

கொடுத்த பணத்தை ஒப்பந்தப்படி திரும்பக் கேட்கலாமா என்றால், அதற்கும் சட்டம் துணை நிற்பது அரிது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, சட்டவிரோத நோக்கத்திற்காகச் செய்யப்பட்ட உடன்பாடு செல்லாது. எனினும் ஏமாற்றுதல் குற்றமே. ஏமாந்தவர் வெட்கத்தினாலோ அச்சத்தினாலோ ஒதுங்கிவிடாமல், வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து காவல்துறையை அணுகுவதே நல்லது. இணையவழியாகவோ கைப்பேசி வழியாகவோ பணம் சென்றிருந்தால், உடனடியாக 1930 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால், பணம் வேறு கணக்குகளுக்குச் செல்லும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. மேலும், தரகுக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கை மற்றவர் பணம் பெறுவதற்குத் தருபவர்களும் குற்றத்தில் பங்காளிகளாகவே கருதப்படுவார்கள் என்பதை மறத்தல் ஆகாது.

பராமரிப்பு என்றால் என்ன?

மேலை நாடுகளில் கென்யா மணற்பாம்பு என்னும் உறவினத்தைப் பண்ணைகளில் பெருக்கி, வீட்டில் வளர்க்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் சில அங்குல ஆழத்திற்குத் தளர்ந்த மணலோ மரச்சீவலோ பரப்பி, ஒரு முனையை வெப்பமாகவும் மறுமுனையைச் சற்றுக் குளிர்ச்சியாகவும் வைத்து, சிறு கிண்ணத்தில் நீர் வைத்து, ஒன்றிரண்டு வாரத்திற்கு ஒரு முறை எலிக்குஞ்சு கொடுத்தால் அது இருபது ஆண்டுகள் வரையிலும் வாழக்கூடும். அங்கு அது எளியோரும் வாங்கக்கூடிய ஒரு வளர்ப்புப் பிராணி. நோய் தீர்க்கும் என்றோ செல்வம் தரும் என்றோ அங்கு யாரும் அதனை வாங்குவதில்லை. அவ்வினத்தின் மீது கோடிகளைக் கொட்ட உலகம் காத்திருக்கிறது என்னும் கதைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

நம் நாட்டில் இதனை வீட்டில் வளர்க்க இயலாது, வளர்க்கவும் கூடாது. மீட்கப்பட்ட பாம்புகளைப் பேணும் பொறுப்பு வனத்துறைக்கும் உரிமம் பெற்ற மறுவாழ்வு மையங்களுக்கும் உரியது. பாதரசமோ இரும்போ உள்ளே சென்ற பாம்பைக் காப்பாற்றுவது எளிதன்று. காயமில்லாத பாம்பை, அதன் இயல்பான வாழிடத்தில் இயன்ற அளவு விரைவில் விடுவதே அதற்குச் செய்யும் நன்மை.

நகரம் விரிவடையும்போது, அடித்தளம் தோண்டும் இடத்திலும், தோட்ட மண்ணிலும், செங்கல் அடுக்கிலும் இப்பாம்பு வெளிப்படக்கூடும். அப்போது செய்ய வேண்டியவை எளியவை. விலகி நிற்க வேண்டும். குழந்தைகளையும் நாய்களையும் அகற்ற வேண்டும். தடியை எடுக்கக் கூடாது. பார்ப்பதற்கு மண்ணுளிப் பாம்பு போல இருப்பது கண்ணாடி விரியனாகவும் இருக்கக்கூடும் ஆதலால், கையால் தொடுவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். கர்நாடகத்தில் வனத்துறையின் உதவி எண்ணான 1926க்கோ, அவசர எண்ணான 112க்கோ அழைக்கலாம். படம் எடுத்து, இடத்தின் பெயரோடு சமூக ஊடகத்தில் பகிர்வது தரகர்களுக்கு வழிகாட்டுவதாகிவிடும். அதனையும் தவிர்ப்பது நன்று.

வரவுப் பக்கம்

இவ்வளவும் கூறிய பின்னர், இப்பாம்புக்கு மதிப்பே இல்லையா என்று யாரேனும் கேட்கலாம். மதிப்பு உண்டு, விலைதான் இல்லை. எலி வளைக்குள் நுழைந்து எலியைப் பிடிக்கவல்ல உயிரினங்கள் மிகச் சில. பூனையும் ஆந்தையும் வளைக்கு வெளியே காத்திருக்கும். மண்ணுளிப் பாம்போ உள்ளேயே சென்றுவிடும். கேழ்வரகும் நிலக்கடலையும் விளைவிக்கும் உழவருக்கு அது ஊதியம் கேட்காத காவலாள்.

எலிகள் பெருகினால் என்ன நேரும் என்பதைப் பெங்களூர் அறியும். 1898இல் இந்நகரை பிளேக் நோய் தாக்கியது. எலிகளின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சிகளால் பரவிய அந்நோய், நகர்ப் பகுதியிலும் கண்டோன்மென்ட் பகுதியிலும் பல உயிர்களைக் கொண்டு சென்றது. நெரிசல் மிகுந்த தெருக்களிலிருந்து மக்கள் வெளியேற, மல்லேசுவரமும் பசவனகுடியும் புதிய குடியிருப்புகளாக வளர்ந்தன. கோவையைப் போலவே இங்கும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. எலியைக் கட்டுக்குள் வைக்கும் எதுவும் மனிதனுக்கு எவ்வளவு பெரிய வரவு என்பதை அக்கோயில்கள் நினைவூட்டுகின்றன.

அந்த வரவு, பாம்பு வயலில் இருக்கும்வரை மட்டுமே கிடைக்கும். பிடித்துப் பையில் போட்ட நொடியில் அது முடிந்துவிடுகிறது. செலவுப் பக்கம் தொடங்கிவிடுகிறது. ஆகவே, இப்பாம்பின் பெயரால் யாரேனும் முன்பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லுங்கள். உங்கள் வங்கிக் கிளையில் ஒரு சொல் கேளுங்கள். ‘இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று ஒருவர் நிபந்தனை விதித்தால், அந்த நிபந்தனையையே எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். உங்கள் வைப்புத்தொகை முதிர்வு நாள் வரை வங்கியில் இருக்கட்டும். மண்ணுளிப் பாம்பு தன் ஆயுள் முடியும்வரை மண்ணுக்குள் இருக்கட்டும்.